தொழிற்சாலையில் செய்த வீட்டை வாங்கலாமா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

தொழிற்சாலையில் செய்த வீட்டைச் சொந்த மனையில் கொண்டுவந்து நிறுத்தலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விலையைப் பற்றிப் பேசுவதில்லை. மனைக்குப் போகும் தெரு எவ்வளவு அகலம் என்றும், வீட்டின் வரைபடம் இனி மாறாது என்று குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்களா என்றும்தான் கேட்கிறேன். செங்கல் வீட்டில் சன்னலை ஓரடி தள்ளி வைக்க வேண்டுமென்றால் காலையில் மேஸ்திரியிடம் சொன்னால் போதும். மாலைக்குள் வேலை முடிந்துவிடும். தொழிற்சாலையிலோ எஃகுச் சட்டம் வெட்டப்பட்டு, பலகைகள் அளவெடுத்து அறுக்கப்பட்ட பிறகு அதே ஓரடி மாற்றத்துக்குப் புதிய சட்டம், புதிய பலகை, புதிய தேதி என எல்லாம் தேவைப்படும். இவ்வகை வீட்டின் நன்மைகளில் பெரும்பாலானவையும் தீமைகளில் பெரும்பாலானவையும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன: எல்லா முடிவுகளையும் வேலை தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

‘ப்ரீஃபேப்’ என்ற ஒரே சொல்லைச் சொல்லி, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பொருள்களை விற்கிறார்கள். மெல்லிய எஃகுச் சட்டத்தின் இரு பக்கமும் சிமென்ட் ஃபைபர் போர்டு அடித்து, நடுவில் கண்ணாடிப் பஞ்சையோ ராக்வூல் எனும் பாறைப் பஞ்சையோ நிரப்புவது ஒரு வகை. இரண்டு வண்ணத் தகடுகளுக்கு நடுவே பஃப் எனும் பாலியூரித்தேன் நுரையோ தெர்மாகோலோ வைத்த பேனல்களைப் பூட்டி எழுப்புவது இன்னொரு வகை. தூண், உத்தரம், தளம் ஆகியவற்றைக் கான்கிரீட்டில் முன்கூட்டியே வார்த்து கிரேனால் அடுக்குவது ப்ரீகாஸ்ட். தரை, சுவர், மின்கம்பி, குளியலறை ஓடு எல்லாம் பொருத்தி முடித்த முழு அறையையே லாரியில் ஏற்றிக் கொண்டுவருவதுதான் உண்மையில் மாடுலர் வீடு. பழைய கப்பல் கன்டெய்னரை அறுத்துச் செய்யும் வீட்டையும் பலர் இதே பட்டியலில் சேர்க்கிறார்கள்.

முழு அறையாக வருவதில் தமிழ்நாட்டுக்கு ஒரு கடினமான எல்லை உண்டு. மோட்டார் வாகன விதிகளின்படி, தனி அனுமதி இல்லாமல் சாலையில் போகும் சரக்கு வாகனத்தின் அகலம் 2.6 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கன்டெய்னரின் வெளி அகலம் 8 அடி, அதாவது 2.44 மீட்டர், உட்பக்கம் அது ஏறத்தாழ 2.35 மீட்டராகிறது. வெப்பத் தடுப்பும் உட்பலகையும் வைத்த பிறகு 2.2 மீட்டர் மிஞ்சினால் அதிகம். முதன்மை அறைக்குக் குறைந்தது 2.4 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. ஆகவே ஒற்றைக் கன்டெய்னர் காவலர் அறைக்கோ தோட்ட ஓய்வறைக்கோ பொருந்தலாம். ஒரு குடும்பம் நிரந்தரமாக வாழ வேண்டுமானால், இரண்டைப் பக்கத்தில் பக்கம் வைத்து நடுச்சுவரை எடுத்தாக வேண்டும். அப்படி எடுக்கும்போது கன்டெய்னரின் பலமும் குறைவதால், அறுத்த இடத்தில் தனி உத்தரம் கொடுக்காத வடிவமைப்பை ஏற்காதீர்கள்.

தனி வீட்டுக்கு எஃகுச் சட்டமும் பேனலும்தான் பெரும்பாலும் ஏற்றவை. ப்ரீகாஸ்ட் கான்கிரீட் எண்ணிக்கையில்தான் லாபம் தரும். சென்னைப் பெரும்பாக்கத்தில் 2021 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2022 மே மாதம் திறந்துவைக்கப்பட்ட 1,152 குடியிருப்புகள் அம்முறையில் எழுந்தவை; அங்கே ஒரே அச்சில் பலமுறை வார்க்க முடிந்ததால் அச்சின் செலவு எல்லா வீடுகளுக்கும் பரவியது. ஒரே ஒரு வீட்டுக்காக அச்சு செய்தால் அந்தச் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும். சென்னை ஐஐடி வளாகத்தில் 2013இல் கண்ணாடி இழை கலந்த ஜிப்சம் பேனல்களால் ஒரு மாதிரிக் கட்டடம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் எழுந்ததையும் பலர் எடுத்துக்காட்டுவார்கள். அந்தப் பேனல் 12 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்டது. உள்ளே இருக்கும் வெற்றிடங்களில் கம்பி வைத்துக் கான்கிரீட் நிரப்புகிறார்கள். அருமையான முறைதான். ஆனால் அவ்வளவு நீளமான பொருளை உங்கள் ஊர்த் தெருவில் திருப்ப முடியுமா என்ற கேள்வி அங்கேயும் வந்து நிற்கும்.

மனையையும் வழியையும் அளந்து பாருங்கள்

விற்பனைப் பிரதிநிதி வந்து மனையைப் பார்த்துவிட்டுப் போவது போதாது. நெடுஞ்சாலையிலிருந்து மனை வரை உள்ள வழியை நீங்களே ஒருமுறை நடந்து, ஒவ்வொரு திருப்பத்தின் அகலத்தையும், தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளையும், வாய்க்கால்மேல் போட்ட சிறு பாலங்களையும், சாலைக்கு மேல் சாய்ந்த தென்னை மரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கிரேன் எங்கே நிற்கும், அதன் தாங்கு கால்களை விரிக்க இடம் உண்டா, அந்த மண் மழைக்குப் பிறகு பாரத்தைத் தாங்குமா என்பவையும் அதில் சேரும். நான் அறிந்த ஒரு குடும்பத்தின் வீட்டறை, கடைசித் திருப்பத்தைத் தாண்ட முடியாமல் இரண்டு நாள் லாரியிலேயே நின்றது. கடைசியில் பக்கத்து வயல்காரரின் ஒப்புதலோடு வரப்பைச் சமன் செய்து வழி அமைத்தார்கள். அந்த இரண்டு நாள் லாரி, கிரேன் வாடகையும் அவர்களையே சேர்ந்தது. எனவே, வழியில் ஏற்படும் தடைக்கு யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் தனி வரியாக இருக்கட்டும்.

அடுத்தது கடைக்கால். வீடு இலேசானது என்பதால் அடித்தளம் எளிது என்று சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மண்ணின்மேல் விழும் பாரம் குறைவு என்பது சரி. ஆனால் செங்கல் வேலையில் கொத்தனார் ஒரு அங்குலப் பிசகைக் கலவையால் சரிசெய்துவிடுவார். தொழிற்சாலைச் சட்டம் அப்படி விட்டுக்கொடுக்காது. பேஸ்மட்டத்தின் மட்டமும், சட்டத்தை அடித்தளத்தோடு பூட்டும் ஆங்கர் போல்ட்டுகளின் இடமும் சில மில்லிமீட்டருக்குள் துல்லியமாக இருக்க வேண்டும். மழையில் ஊதி வெயிலில் சுருங்கும் கரிசலிலும் களிமண்ணிலும் மண் பரிசோதனை செய்யாமல் இறங்கவே கூடாது, ஏனெனில் அடித்தளம் ஒரு மூலையில் இறங்கினால் பேனல் இணைப்புகள் திறந்துகொள்ளும். இன்னொன்று, இலேசான வீட்டைக் காற்று மேல்நோக்கித் தூக்கப் பார்க்கும். 2016இல் வர்தா சென்னையையும் 2018இல் கஜா டெல்டாவையும் தாக்கியபோது கூரைத் தகடுகள் பறந்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றழுத்தக் கணக்கீடு, ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதியின்படி, உங்கள் ஊருக்குரிய காற்று வேகத்தை எடுத்துச் செய்யப்பட்டதா என்று கேட்டு, பொறியாளர் கையெழுத்திட்ட தாளைக் கையில் வாங்குங்கள்.

கால மிச்சம் எங்கே கிடைக்கிறது என்பதும் இங்கே தெரியும். கடைக்கால் வேலை மனையில் நடக்கும் அதே வாரங்களில் சுவரும் கூரையும் தொழிற்சாலையில் தயாராகின்றன. செங்கல் வீட்டில் ஒன்று முடிந்த பிறகுதான் மற்றொன்று தொடங்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் தண்ணீர் ஊற்றி ஆற வைக்க வேண்டும். தொழிற்சாலை முறையில் மழைக்காலத்தில் வேலை நிற்பதில்லை, தண்ணீர்ச் செலவு குறைகிறது, மணலும் ஜல்லியும் தெருவை அடைப்பதில்லை, மீந்துபோகும் பொருளும் குறைவு. கூரைக்குக் கீழே, ஒரே மேசையில், ஒரே ஆட்கள் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையில் அளவு பிசகுவதும் குறைவுதான். இவை உண்மையான நன்மைகள். ஆனால் கடைக்கால் தாமதமானால், தயாரான வீடு தொழிற்சாலை முற்றத்தில் கிடக்கும். இடவாடகை கேட்பவர்களும் உண்டு.

வெயில், உப்புக் காற்று, மழை

‘தகர வீடு வேகும்’ என்ற அச்சம் எல்லா வகைக்கும் பொருந்தாது. 50 மில்லிமீட்டர் பஃப் பேனல், ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைவிடப் பல மடங்கு வெப்பத்தைத் தடுக்கும். கான்கிரீட் தளம் பகல் முழுவதும் குடித்த வெயிலை இரவில் கட்டிலின்மேல் இறக்கும். பேனல் கூரை பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. இவ்வீட்டின் சுவருக்குக் கனம் இல்லாததால், சன்னல் வழியாக நுழைந்த வெயிலையும் சமையல் சூட்டையும் உறிஞ்சி வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. அறை சட்டென்று சூடாகிறது. எனவே மேற்குச் சன்னலுக்கு ஆழமான நிழற்கூரை, எதிரெதிர்ச் சன்னல்கள், சமையலறையில் புகைபோக்கி ஆகியவை இங்கே கட்டாயம். எஃகுச் சட்டம் உள்பலகையையும் வெளிப்பலகையையும் நேராகத் தொடும் இடங்களில் வெப்பம் குறுக்கே பாயும் என்பதால், நடுவில் தடுப்பு நாடா வைக்கிறார்களா என்று பாருங்கள். பேனலின் உள்ளே தெர்மாகோலா, பஃப்பா, ராக்வூலா என்பதைத் தீப்பாதுகாப்புக்காகவும் கேட்க வேண்டும். ராக்வூல் எரியாது, தெர்மாகோல் உருகி எரிந்து கடும் புகையைக் கக்கும்.

கடலோர ஊர்களில் துருவே முதல் எதிரி. எஃகின் மேல் துத்தநாகப் பூச்சு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எண்ணைக் கேளுங்கள். 275 கிராம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் நல்ல தரம், கடற்கரையை ஒட்டிய மனைக்கு அதற்கும் மேல் பாதுகாப்பு வேண்டும். பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும், மனையில் வைத்து அறுத்த விளிம்பிலும் திருகு துளைத்த இடத்திலும்தான் துரு தொடங்குகிறது. அங்கெல்லாம் துத்தநாகப் பெயின்ட் அடிக்கிறார்களா என்பதை மனையில் நின்று கண்ணால் பாருங்கள்.

மழைநீர் சுவரைத் துளைத்து வருவதில்லை; இணைப்பின் வழியாகத்தான் வருகிறது. இணைப்புகளின் இடைவெளியை அடைக்க வைக்கும் சீலன்ட் பசை வெயிலில் சில ஆண்டுகளில் இறுகி வெடிக்கும். அதைச் சுரண்டி மீண்டும் வைப்பது வெள்ளையடிப்பதைப் போல முறையாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய பராமரிப்பு. வெள்ளம் நிற்கும் பகுதியானால், உட்சுவரின் அடிப்பகுதியில் சாதாரண ஜிப்சம் போர்டும் மரத்தூள் பலகையும் வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஊறினால் அவை திரும்பாது. சிமென்ட் ஃபைபர் போர்டு காய்ந்து மீளும்.

நம் வீட்டுப் பழக்கத்துக்குப் பொருந்துமா?

போரில் வீடிழந்த மக்களுக்காக இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் 65,000 எஃகுப் பொருத்து வீடுகளை அமைக்க அந்நாட்டு அரசு 2015, 2016 ஆண்டுகளில் முன்வந்தது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 லட்சம் இலங்கை ரூபாய் என்று பேசப்பட்டது. இந்திய அரசின் உதவியோடு அங்கே நடந்த வீட்டுத் திட்டத்திலோ 5.5 லட்சம் இலங்கை ரூபாய் மானியத்தில் மக்கள் தாமே முன்னின்று கல்வீடு கட்டியிருந்தார்கள். வெக்கை, துரு, அடித்தளத்தின் உறுதி, உள்ளூர்ப் பொருளால் பழுதுபார்க்க முடியாமை, பின்னாளில் ஓர் அறையைச் சேர்த்துக் கட்ட இயலாமை, உள்ளூர்க் கொத்தனாருக்கும் கல் அறுப்பவருக்கும் வேலை இல்லாமற்போவது எனப் பொறியாளர்களும் தமிழ் மக்கள் பிரதிநிதிகளும் எழுப்பிய எதிர்ப்பால், அத்திட்டம் அறிவித்த வடிவில் நிறைவேறவில்லை. அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது என்றே கருதுகிறேன். அங்கே எழுந்த கேள்விகள் இன்று தனியாக வீடு வாங்கும் ஒருவருக்கும் அப்படியே பொருந்தும்.

முக்கியமாக, பிற்காலத்தில் கட்டுவது. தமிழ்க் குடும்பம் கீழ்த்தளத்தைக் கட்டிவிட்டு, மகனுக்கோ மகளுக்கோ மாடி எழும் என்ற நம்பிக்கையில் தூண் கம்பியை மொட்டைமாடியில் விட்டுவைக்கும். தொழிற்சாலை வீட்டில் அந்த வசதி தானாக வராது. மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் சட்டத்தின் கனத்தையும் அடித்தளத்தையும் இன்றே அதற்கேற்ப வடிவமைத்து, இன்றே பணம் கொடுக்க வேண்டும். சிலருக்கு இந்த ஒரு காரணமே ‘வேண்டாம்’ என்று முடிவெடுக்கப் போதுமானது.

சுவரில் தொங்கவிடுவதும் அப்படித்தான். பலகைச் சுவரில் ஆணி அடித்தால் படம் நிற்கும், கீசர் நிற்காது. மின்விசிறி, ஊஞ்சல், குழந்தைக்குத் தூளி கட்டும் கொக்கி, பரண், ஏசி, சமையலறை அலமாரி, தொலைக்காட்சி எல்லாம் எங்கே வரும் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுத்தால், அந்த இடங்களில் உள்ளே எஃகுத் தாங்கல் வைப்பார்கள். வீட்டில் சமைப்பவரையும் முதியவரையும் உடன் அமர்த்தி இந்தத் தாளை எழுதுங்கள். வாஸ்து பார்ப்பவர்கள் அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

பணமும் தாள்களும்

சதுர அடி விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். கடைக்கால், லாரி, கிரேன், ஜிஎஸ்டி, மின் இணைப்பு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவை அந்த விலைக்கு உள்ளேயா வெளியேயா என்று எழுதி வாங்கிக் கூட்டினால், பல நேரங்களில் செங்கல் வீட்டின் செலவை நெருங்கிவிடும். மிச்சமாவது பெரும்பாலும் மாதங்கள்தான். அந்த மாதங்களின் வீட்டு வாடகையும் கடன் வட்டியும் உங்களுக்கு எவ்வளவு என்பதே சரியான கணக்கு.

கடன் வாங்குவோர் வங்கியிடம் முன்பே பேச வேண்டும். கடைக்கால், லின்டல், தளம் என மனையில் எழும் வேலையைப் பார்த்துத்தான் வங்கி தவணை விடுவிக்கிறது. தொழிற்சாலையோ பொருளை அனுப்பும் முன்பே பெரும்பகுதியைக் கேட்கும். மனையில் எதுவும் எழாத அந்த நாள்களில் உங்கள் பணத்துக்கு எந்தப் பிடியும் இல்லை. ஆகவே முன்பணத்தைக் குறைத்து, தொழிற்சாலையில் உங்கள் சட்டத்தை நேரில் பார்த்த பிறகு ஒரு தவணை, மனையில் இறங்கியதும் ஒரு தவணை, ஒரு மழைக்காலம் கடந்த பிறகு கடைசித் தவணை எனப் பிரித்துக்கொள்ளுங்கள். பொருத்து வீடு என்பதற்காகக் கட்டட அனுமதியிலிருந்து விலக்கு கிடைக்காது. நிறுவனத்தின் கட்டுமான முறைக்கு, மத்திய அரசின் கட்டடப் பொருள், தொழில்நுட்ப மேம்பாட்டு மன்றமான பிஎம்டிபிசி வழங்கும் செயல்திறன் மதிப்பீட்டுச் சான்றிதழ் உண்டா என்றும் கேளுங்கள்.

நிறுவனத்தின் மாதிரி வீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் அமைத்துக் கொடுத்த வீட்டின் முகவரியைக் கேட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையின்போது அங்கே சென்று, சன்னலின் கீழ் மூலைகளையும் குளியலறைக்குப் பின்புறச் சுவரையும் கைவைத்துப் பார்த்து, வீட்டில் இருப்பவர்களிடம் தனியாகப் பேசுங்கள்.

வீட்டைக் கையில் வாங்கும் நாளில் சாவியோடு சட்டத்தின் வரைபடம், மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் சுவருக்குள் போகும் வழிகளின் வரைபடம், பேனலின் வகையும் தடிமனும் எழுதிய தாள், சீலன்டின் பெயர் ஆகியவற்றையும் வாங்கி, பத்திரத்தோடும் பட்டாவோடும் சேர்த்து வையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து அந்த நிறுவனமே இல்லாமற்போனாலும், பழுதுபார்க்க வரும் உள்ளூர் வெல்டருக்கும் பிளம்பருக்கும் சுவரை எங்கே திறக்க வேண்டும் என்பதை அந்தத் தாள்கள்தான் காட்டும்.