மோட்டர்ஹோம் லாக்கர் கொதிக்கிறதா? ஃபேன் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மோட்டர்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) வேலை பார்க்கும் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று நாலா பக்கமிருந்தும் வண்டிகள் வரும். புதிதாக வண்டி வாங்கியவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, லாக்கரைத் திறந்தா அடுப்பைத் திறந்த மாதிரி அனல் அடிக்குது." லாக்கர் என்றால் வண்டியில் சாமான் வைக்கும் மூடிய பெட்டியறை. யூடியூபில் எதையோ பார்த்து ஏற்கெனவே ஓர் ஓட்டையும் போட்டுவிட்டு வந்திருப்பார்கள். இந்தத் தொழிலில் நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் போட்ட அதே ஓட்டை, அதே இடத்தில்.

இந்தத் தொல்லை சமீபத்தில் கூடியதற்குக் காரணம் உண்டு. 2023இல் லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது வீட்டுக்கு வாங்கிய இன்வர்ட்டரையும் லித்தியம் பேட்டரியையும் பலர் இப்போது வண்டிக்கு மாற்றுகிறார்கள். கராஜ் சுவரில் காற்றாடத் தொங்கிக்கொண்டிருந்த சாமான், கட்டிலுக்கடியில் ரப்பர் சீல் போட்ட பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அது கொதிக்காமல் என்ன செய்யும்?

ஃப்யூஸ் போட மறப்பது, மெல்லிய ஒயரை இழுப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை மேனுவலிலேயே இருக்கின்றன.

எந்தச் சூடு என்று பார்க்காமல் ஓட்டை போடுவது

லாக்கருக்குள் சூடு மூன்று வழியாக வரும்: வெயில், உள்ளே ஓடும் சாதனம், அடியில் போகும் புகைக்குழாய். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

கம்பி முனையுள்ள மலிவான டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே போடுங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெயிலில் நிறுத்தி ஒரு தடவை பாருங்கள். இரவில் இன்வர்ட்டருக்கு முழுச் சுமை கொடுத்து ஒரு தடவை. நீண்ட ஓட்டம் முடிந்து நின்றதும் ஒரு தடவை. எது எகிறுகிறதோ அதுதான் உங்கள் பிரச்சினை.

வெயில்தான் என்றால் ஃபேனால் பெரிய பலன் கிடையாது. கதவின் உட்புறம் இன்சுலேஷன் ஒட்டுங்கள், வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். இதில் வெளிநாட்டு வீடியோக்களைக் கேட்டு ஏமாறாதீர்கள். தெற்குப் பக்கம்தான் வெயில் என்பது அவர்கள் ஊர்க் கணக்கு. டிசம்பரில் டர்பனில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். பக்கச்சுவரைப் பொசுக்குவது பிற்பகல் மேற்கு வெயில். லாக்கர் பக்கம் மேற்கைப் பார்க்காமல் நிறுத்தினாலே பாதித் தொல்லை போய்விடும், ஒரு ரேண்ட் செலவில்லாமல்.

வெளியேற வழி வைத்துவிட்டு, உள்ளே வர வழி வைக்காதது

எத்தனை வண்டியில் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது.

இசிப்பிங்கோ மாமா ஒருவர் ஆக்ரபீஸ் அருவி பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பினார். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் அது. கிளம்பும் முன் லாக்கர் கதவின் மேல்பக்கம் இரண்டு ஃபேன் மாட்டினார், இரண்டும் வெளியே ஊதுபவை. போய்ச் சேர்ந்த அன்று மதியமே இன்வர்ட்டர் கீச்சிட்டு அணைந்தது. ஏசி நின்றது, ஃப்ரீசரில் இருந்த ஆட்டுக்கறி கெட்டது. இன்வர்ட்டர் பழுது என்று முடிவு கட்டி, அப்பிங்டனுக்குப் போய்ப் புதியது வாங்கி மாட்டினார். மறுநாள் மதியம் புதியதும் அணைந்தது. ஊர் திரும்பியதும் என்னிடம் வந்து, "மூணாவது ஃபேன் ஒண்ணு போடு தம்பி" என்றார்.

"மாமா, காத்து உள்ளே போக வழி எங்கே?"

"அதான் ரெண்டு ஃபேன் இருக்கே!"

இரண்டு ஃபேனையும் ஓடவிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னேன். இழுத்தார், கதவு கொஞ்சம் முரண்டு பிடித்துப் பிறகு விட்டது. அதே நொடியில் ஃபேன் சத்தம் மாறி இலகுவானது. சீல் ரப்பரின் ஓரம் நெடுகச் சிவப்புத் தூசி கோடு போட்டிருந்தது. ஒயர் நுழையும் ஓட்டையைச் சுற்றியும் அப்படியே. வர வழியில்லாத காற்று கிடைத்த இடுக்கில் எல்லாம் நுழைந்திருக்கிறது, மண்சாலைத் தூசியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. அந்தத் தூசி இன்வர்ட்டரின் சொந்த ஃபேனிலும் படிந்துவிட்டது. பழைய இன்வர்ட்டரைத் துடைத்துத் திறந்த மேசையில் வைத்து ஓட்டிக் காட்டினேன். ஒரு குறையும் இல்லை. புதிய இன்வர்ட்டருக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

அடைத்த பெட்டியிலிருந்து காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க முடியாது. உள்ளே எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் வெளியே போகும். மூன்று ஃபேன் வைத்தாலும் முப்பது வைத்தாலும் இதே கதை.

கணக்கும் சுலபம். சாதனம் விடும் சூட்டை வாட்டில் எடுத்து மூன்றால் பெருக்குங்கள். வெளிக்காற்றைவிட எத்தனை டிகிரி கூடலாம் என்று நினைக்கிறீர்களோ அதால் வகுங்கள். மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று ஓட வேண்டும் என்று வந்துவிடும். 90 சதவீதத் திறனுள்ள இன்வர்ட்டர் 1,800 வாட் கொடுக்கும்போது 200 வாட்டைச் சூடாகப் பெட்டிக்குள் விடும். 10 டிகிரி கூடலாம் என்றால் மணிக்கு 60 கன மீட்டர் வேண்டும். ஜொகன்னஸ்பர்க் பக்கம் போனால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். அது கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல், காற்று மெலிது.

ஃபேன் அட்டையில் அச்சிட்டிருக்கும் அளவு எதிரே தடை எதுவும் இல்லாதபோது கிடைப்பது. 12 செ.மீ. ஃபேனின் ஓட்டை ஏறக்குறைய 113 சதுர செ.மீ. கொசுவலையும் சாய்வுத் தகடும் உள்ள கிரில் அதில் பாதியை விழுங்கிவிடும். அதனால் காற்று வரும் வழியை ஃபேன் ஓட்டையைப் போல இரண்டு மடங்காவது வைக்கிறேன்.

வழி வைத்தால் மட்டும் போதாது, இடமும் முக்கியம். வழி கேட்டேன் என்பதற்காக அதே கதவில் ஃபேனுக்கு ஒரு சாண் தள்ளி கிரில் போட்டு வருபவர்கள் உண்டு. காற்று கிரிலில் நுழைந்து நேரே ஃபேனில் வெளியேறிவிடும், மூலையில் இருக்கும் இன்வர்ட்டர் பக்கம் எட்டியும் பார்க்காது. கீழே ஒரு கோடியில் நுழைந்து, சாதனத்தை உரசிக்கொண்டு, மேலே மறுகோடியில் வெளியேற வேண்டும்.

சோதித்துப் பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை, சாமி அறையிலிருந்து ஒரு ஊதுபத்தி எடுத்து வாருங்கள். கிரில் வாயில் பிடித்தால் புகை எந்தப் பக்கம் போகிறது, எங்கே சும்மா சுழல்கிறது என்று கண்ணால் காணலாம். இன்வர்ட்டர் மேல் புகை தேங்கி நின்றால் வேலை முடியவில்லை. ஈய-அமில பேட்டரி இருக்கும் லாக்கரிலும் காஸ் பக்கத்திலும் மட்டும் நெருப்பே கூடாது. அந்த பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். அங்கே டிஷ்யூ காகிதக் கீற்றைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

ஃபேன் உள்ளே ஊதலாமா, வெளியே ஊதலாமா என்று கேட்பார்கள். மண்சாலையில் ஓடும் வண்டி என்றால் என் ஓட்டு உள்ளே ஊதுவதற்கு. கீழே ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்துத் தள்ளினால் இடுக்கு வழியாகத் தூசி வராது, ஃபேனும் குளிர்ந்த காற்றில் ஓடுவதால் நீடிக்கும். கட்டிலடி லாக்கர் வண்டிக்குள் திறந்திருந்தால் அப்படிச் செய்யாதீர்கள், அனல் முழுக்கப் படுக்கைக்கு வந்துவிடும். எந்த முறையானாலும் காற்று வரும் வழி புகைக்குழாய்க்கோ ஜெனரேட்டருக்கோ பக்கத்தில் வேண்டாம். பக்கத்து இடத்துக்காரர் ஜெனரேட்டரும் இதில் சேர்த்தி. தூங்குகிறவர்கள் கார்பன் மோனாக்சைடைச் சுவாசித்தால் எழுந்திருக்க மாட்டார்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் வெளிக்காற்றை விடக் குளிராது. ஆக்ரபீஸில் 40, கூட ஒரு 10, ஆக 50. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற மேல்வரம்பு பொதுவாக 45 டிகிரி. அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று) சார்ஜை வெட்டிவிடும். ஆகையால் அந்தப் பக்கம் போகிறவர்கள் இன்வர்ட்டரையும் பேட்டரியையும் ஒரே பெட்டியில் பூட்டாதீர்கள். பேட்டரியை மனிதர் இருக்கும் அறைப் பக்கம் மாற்றுங்கள்.

காஸ் லாக்கரில் ஃபேன் மாட்டுவது

வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு இறங்கும். அதற்காகத்தான் அடியில் துவாரம் இருக்கிறது. அதை அடைக்காதீர்கள், பக்கத்து லாக்கரோடு இணைக்காதீர்கள். மாற்றம் தேவையென்றால் பதிவு பெற்ற காஸ் ஆளிடம் போங்கள். வண்டிகளுக்கான விதி தென்னாப்பிரிக்கத் தேசியத் தரமான எஸ்ஏஎன்எஸ் 10087-2இல் இருக்கிறது.

ஃப்ரிட்ஜ் கிரிலை இரவல் வாங்குவது

காஸில் ஓடும் ஃப்ரிட்ஜின் பின்னால் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு கிரில் இருக்கும். "ஏற்கெனவே ஓட்டை இருக்கே" என்று லாக்கரின் டக்டை (காற்றுக்குழாயை) அதில் சொருகுகிறார்கள். ஃபேன் இழுத்தால் பர்னர் தீ அலையும், ஃப்ரிட்ஜ் புகை லாக்கருக்குள் வரும். லாக்கருக்குத் தனி ஓட்டை போடுங்கள்.

இன்வர்ட்டர் பெட்டிக்குள் தெர்மோகோல் ஒட்டுவது

வெயிலுக்கு நல்லது. உள்ளிருந்து வரும் சூட்டுக்கு அதுவே பூட்டு.

சுவிட்ச் மட்டும் வைப்பது

போட மறப்பீர்கள், அணைக்கவும் மறப்பீர்கள். 35 டிகிரியில் ஓடத் தொடங்கும் தெர்மோஸ்டாட் வையுங்கள்.

பிராய் (கரியடுப்பில் கறி சுடுவது) சாமானும் இன்வர்ட்டரும் ஒரே இடத்தில்

கரி மூட்டை, ஃபயர்லைட்டர், கொசு ஸ்பிரே. ஸ்பிரே டின்னிலேயே 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று போட்டிருக்கிறது.

சீசன் முடிந்ததும் கிரிலை மறப்பது

மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் குளவி மண்கூடு கட்டிவிடும், பெரும்பாலும் காற்று வரும் வழியில்தான். வெளியிலிருந்து பார்த்தால் கிரில் சுத்தமாகத் தெரியும், கூடு வலைக்குப் பின்னால் இருக்கும். கடலோரத்தில் நிற்கும் வண்டி என்றால் உப்புக் காற்றில் ஃபேன் பேரிங்கும் இறுகும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கிரிலைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், ஃபேன் இறக்கையை விரலால் சுற்றிப் பாருங்கள். கிளம்பும் நாள் காலையில் என் பட்டறைக் கதவைத் தட்டினால் அன்றைக்கு வண்டி கிடைக்காது.