மணக்குடிக் காயலுக்கு ஏற்ற பைனாகுலரும் முக்காலியும்

பதினைந்து, இருபது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பைனாகுலரை முக்காலியில் பொருத்தி, ஓரிடத்தில் அமர்ந்து நெடுநேரம் நிலத்தைத் துழாவும் முறையை வளர்த்தெடுத்தவர்கள் வேட்டைக்காரர்கள். உரிமம் பெற்று வேட்டையாட இடமுள்ள அமெரிக்காவின் அரிசோனா போன்ற வறண்ட மலைநாடுகளில், எதிர்ச்சரிவின் புதர் நிழலில் படுத்திருக்கும் சிறிய மானைக் கண்டுபிடிக்க அவர்கள் காலை முழுவதும் இப்படிக் காத்திருப்பதுண்டு. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு இடம் தருவதில்லை, அது அப்படியே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கருவியும் அதற்குரிய பொறுமையும் குமரி மாவட்டத்தில் பறவை பார்ப்பவருக்கு அப்படியே பயன்படும்.

எல்லா இடத்துக்கும் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேரூர், சுசீந்திரம் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றவை. அங்கே தாமரை இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியைக் கரையில் நின்றபடி எட்டு அல்லது பத்து மடங்கு பைனாகுலரால் கையில் பிடித்தே பார்த்துவிடலாம். கீரிப்பாறை, காளிகேசம் பக்கத்துக் காட்டுக்கு, வனத்துறையின் அனுமதியோடு போகிறவருக்கும் எட்டு மடங்குக் கருவி போதும். மரக்கிளைகளுக்கிடையே சட்டென்று தாவும் பறவையை முக்காலி வைத்துப் பின்தொடர முடியாது. புத்தளம், சுவாமிதோப்பு உப்பளங்களும் மணக்குடிக் காயலும் வேறு. வரப்பில் ஐம்பது அடி முன்னே வைத்தாலே பூநாரைக் கூட்டம் எழுந்துவிடும் என்பதால், தொலைவில் நின்றே பார்க்க வேண்டிய இடங்கள் அவை. அதிக உருப்பெருக்கம் தேவைப்படுவது இங்கேதான்.

பைனாகுலரின் மேல் 15×56 என்று எழுதியிருந்தால், அது 15 மடங்கு பெரிதாக்கும் என்றும், முகப்பு லென்ஸின் விட்டம் 56 மில்லிமீட்டர் என்றும் பொருள். 300 மீட்டர் தொலைவில் நிற்கும் பறவை, பத்து மடங்கில் 30 மீட்டரில் நிற்பது போலவும், பதினைந்து மடங்கில் 20 மீட்டரில் நிற்பது போலவும் தோன்றும். ஆலா என்னும் நீர்ப்பறவையின் அலகு சிவப்பா கறுப்பா என்ற கேள்விக்கு விடை கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் அந்தப் பத்து மீட்டரில்தான். இதற்கு நாம் கொடுக்கும் விலை காட்சியின் அகலம். 8×42 வழியே 1000 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 130 மீட்டர் அகலம் தெரியும் என்றால், 15×56 வழியே 75 முதல் 80 மீட்டர் அளவே தெரியும்.

முகப்பு லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42-க்கு 5.25 மில்லிமீட்டர், 20×80-க்கு 4, 15×56-க்கு 3.7. விடியற்காலையில் கண்மணி விரிந்திருக்கும்போது இந்த வட்டம் சிறியதாக இருந்தால் காட்சி மங்கும் என்பதால், 3.5-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. இணையக் கடைகளில் 80×100 என்ற எண்ணோடு மலிவாக விற்கப்படும் கருவிகளை இந்தக் கணக்கே காட்டிக்கொடுக்கும். உண்மையிலேயே 100 மில்லிமீட்டர் லென்ஸ் உடைய பைனாகுலர் சட்டைப்பைக்குள் அடங்காது. சிவப்பாக மின்னும் லென்ஸ் பூச்சு உள்ளவற்றையும், உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஜூம் வகையையும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

கடையில் கருவியைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டியவை சில. பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து வானத்தை நோக்கித் திருப்பினால், கண் வைக்கும் பக்கத்தில் இரு ஒளிவட்டங்கள் தெரியும். அவை விளிம்பு வெட்டுப்படாத முழு வட்டங்களாக இருக்க வேண்டும், ஓரங்களில் சாம்பல் நிறச் சதுர நிழல் தெரிந்தால் உள்ளே இருப்பது தாழ்ந்த தரப் பட்டகம். அடுத்து, தொலைவில் உள்ள மின்கம்பத்தையோ கோபுரக் கலசத்தையோ இரு கண்ணாலும் ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். இரு குழாய்களின் அச்சும் சிறிதளவு விலகியிருந்தாலும் அதிக உருப்பெருக்கத்தில் கண்கள் இழுபட்டு நெற்றி வலிக்கத் தொடங்கும். மலிவான 20×80 கருவிகளில் இந்தக் குறை அடிக்கடி நேர்கிறது. மூக்குக்கண்ணாடி அணிபவர், லென்ஸிலிருந்து 15 மில்லிமீட்டருக்கு மேல் கண் விலகியிருந்தாலும் முழுக்காட்சி தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நைட்ரஜன் நிரப்பி அடைக்கப்பட்டு, நீர் புகாதது என்ற உறுதி உள்ள கருவி, இருபருவ மழையும் பெறும் நம் மாவட்டத்தில் ஆடம்பரமன்று. கடைசியாக, இரு குழாய்களையும் இணைக்கும் நடுத்தண்டின் முன்பக்கத்தில் சிறு மூடியைத் திருகி எடுத்தால், முக்காலி இணைப்பானுக்குரிய திருகுதுளை இருக்க வேண்டும். அது இல்லாத கருவியை இந்தப் பயனுக்கு வாங்குவதில் பொருளில்லை.

ஏனெனில் பத்து மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் அதே அளவு பெருகிவிடும். நான் முதலில் 20×80 வாங்கியபோது, பணம் முழுவதையும் பைனாகுலரில் போட்டுவிட்டு, கல்யாண வீட்டு ஒளிப்படக்காரர் கழித்துப் போட்ட மெல்லிய முக்காலி ஒன்றில் பொருத்திக் கீழமணக்குடிக் கரையில் வைத்தேன். கடற்காற்றில் காட்சி நடுங்கிய நடுக்கத்தில், எதிரே நிற்பவை பூநாரைகள் என்று தெரிந்ததே தவிர, எத்தனை என்று எண்ண முடியவில்லை. முப்பந்தலில் காற்றாலைகள் சுழலும் மாவட்டம் இது. செலவிடக்கூடிய தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது முக்காலிக்கும், அதன் மேல் பைனாகுலரைத் தாங்கித் திருப்பும் தலைப்பகுதிக்கும் ஒதுக்கிவிட்டு, மீதியில் கிடைக்கும் பைனாகுலரை வாங்குவதே சரி என்பது அன்று முதல் என் முடிவு. நல்ல முக்காலியில் நிற்கும் பன்னிரண்டு மடங்கு, ஆடும் முக்காலியில் நிற்கும் இருபது மடங்கைவிட அதிகம் காட்டும்.

முக்காலி தாங்கும் என்று குறித்துள்ள எடை, பைனாகுலரும் தலைப்பகுதியும் சேர்ந்த எடையைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். 15×56 ஒரு கிலோவுக்குச் சற்று மேலும், 20×80 இரண்டு கிலோவுக்கு மேலும் இருக்கும். கால்கள் நான்கு அடுக்காக நீள்வதைவிட மூன்று அடுக்காக நீள்வது உறுதியானது, கடைசி அடுக்குக் குழாய் ஒல்லியாக இராது. கார்பன் இழை அலுமினியத்தைவிட எடை குறைந்தது, உப்புக் காற்றில் அரிக்காது, அதிர்வையும் விரைவில் அடக்கும், ஆனால் விலை கூடுதல். நடந்து போகத் தேவையில்லாத இடங்களுக்குக் கனத்த அலுமினியமே போதும், கனம் அங்கே குறையன்று. முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தி உயரம் கூட்டுவது எல்லா உறுதியையும் கெடுத்துவிடும் என்பதால், அதைத் தூக்காமலேயே கண்மட்டம் எட்டும் உயரத்தில் வாங்க வேண்டும். அதைவிட நல்ல வழி, ஒரு சிறு ஸ்டூலில் அமர்ந்து கால்களைக் குறைத்து வைத்துப் பார்ப்பது. தலைப்பகுதியில், உருண்டை மூட்டின்மேல் எப்பக்கமும் சாயும் பால் ஹெட் வேண்டாம், திருகைத் தளர்த்தியதும் கனமான பைனாகுலர் முன்னே சாய்ந்துவிடும். கைப்பிடியோடு மெதுவாகத் திரும்பும் சிறிய ஃபுளூயிட் ஹெட் தான் இந்த வேலைக்கு உரியது.

களத்தில் முக்காலியை ஊன்றும்போது, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் ஒரு கால் இருக்கும்படி வைத்தால் எளிதில் கவிழாது. பையை நடுவில் தொங்கவிட்டால் அதன் அடி தரையைத் தொட வேண்டும், இல்லையேல் அதுவே ஊசலாடிக் காட்சியைக் குலைக்கும். சேறான வரப்பில் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைப்பேன், கால் புதையாது. பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் காலையில் கீழமணக்குடிக் கரையிலிருந்து மேற்கே பார்த்தால் வெயில் முதுகில் விழும், மாலையில் மேலமணக்குடிக்கு மாறிக்கொள்ளலாம். பாலத்தின் மேல் வைக்கக் கூடாது, ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் காட்சி துள்ளும். அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் இருக்கும் மாதங்களிலும், வெயில் ஏறியபின் உப்பளத்தின் மேல் கானல் எழுந்துவிட்டால் எந்த விலைக் கருவியும் அதைத் தாண்டிக் காட்டாது. அந்நேரம் கருவியைக் குறை சொல்லாமல் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டியதுதான்.

பார்க்கும் முறை வேட்டைக்காரர்களுடையது. பரப்பைக் கட்டங்களாக மனத்தில் பிரித்து, ஒரு கட்டத்தில் கருவியை நிறுத்தி, கையை எடுத்துவிட்டு, கண்ணை மட்டும் நகர்த்திப் பத்து இருபது விநாடி பார்க்க வேண்டும். காட்சி அசையாமல் நிற்பதால் அதற்குள் அசையும் எதுவும், சேற்று நிறத்தில் சேற்றோடு ஒட்டி நிற்கும் உப்புக்கொத்திகூட, தானே வெளிப்படும். பிறகு முந்தைய கட்டத்தின் ஓரம் சிறிது தெரியும்படி அடுத்த கட்டத்துக்குத் திருப்பலாம்.

வீடு திரும்பியதும் வேட்டி நுனியால் லென்ஸைத் துடைக்கவே கூடாது. காற்றில் வந்து படிந்த உப்புத் துகள் பூச்சைக் கீறிவிடும். முதலில் கையால் அழுத்தி ஊதும் ரப்பர் குமிழால் ஊதிவிட்டு, பிறகே லென்ஸுக்குரிய மென்துணியால் ஒற்ற வேண்டும். முக்காலியின் கால்களை முழுவதும் நீட்டி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்த பிறகே மடக்க வேண்டும். பைனாகுலரை அதன் தோலுறையில் மாதக்கணக்கில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை படரக்கூடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, அவை நிறம் மாறும்போது மாற்றிக்கொண்டால் போதும்.