புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிர்வு: காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் நீண்ட குழாய்தான் புரொப்பெல்லர் ஷாஃப்ட். ஜீப்போ வேனோ சிறு சரக்கு வண்டியோ, பின்சக்கரத்தால் ஓடும் வண்டியில் குறிப்பிட்ட வேகத்தில் இருக்கைக்கு அடியிலிருந்து அதிர்வு எழுகிறது என்று உரிமையாளர் சொன்னால், பல பட்டறைகளில் அடுத்து நடப்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதலில் வீல் பேலன்சிங், அதில் தீராவிட்டால் ஷாஃப்டின் முனைகளில் அது வளைந்து சுழல உதவும் கிராஸ், அதற்கும் அடங்காவிட்டால் ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங், கடைசியில் டயர் என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். இப்படி மாற்றிக்கொண்டே போனால் என்றாவது காரணம் அகப்படத்தான் செய்யும்; ஆனால் அதற்குள் உரிமையாளரின் பணம் கரைந்திருக்கும், கழற்றி மாட்டியதில் புதிய கோளாறும் சேர்ந்திருக்கும். சுழலும் பாகங்களில் எதனுடைய அதிர்வு இது என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுப்பதே மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதைத் தெரிந்துகொள்ளச் சிறு கணக்கு போதும். 215/75 ஆர்15 அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 10 முறை சுற்றும். பின் அச்சின் பல்விகிதம் 4.1 என்றால் ஷாஃப்ட் அதே நொடியில் 41 முறை சுற்றும். ஷாஃப்டின் எடை ஒருபக்கம் கூடியிருந்தால் சுற்றுக்கு ஒரு அதிர்வு. கிராஸில் ஷாஃப்ட் வளையும் கோணம் பிசகியிருந்தால் சுற்றுக்கு இரண்டு, அதாவது நொடிக்கு 82. ஆகவே டயர்க் கோளாறு கண்ணுக்கே தெரியும் ஆட்டமாக ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் வெளிப்படும். ஷாஃப்ட் கோளாறு பாதத்தின் அடியில் குறுகுறுப்பாகவும் காதில் ரீங்காரமாகவும் வெளிப்படும். வீல் அலைன்மென்ட் டயர்த் தேய்வுக்கும் வண்டி ஒருபக்கம் இழுப்பதற்கும் செய்யப்படுவது; அதிர்வுக்காக அதற்குச் செலவிடுவது வீண்.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரே கியரில் ஓட்டிவிட்டு முடிவுக்கு வருவது அடுத்த தவறு. பல கியர் பாக்ஸ்களில் நான்காவது கியர் நேரடியானது. அதில் எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். நான்கு சிலிண்டர் எஞ்சின் சுற்றுக்கு இரண்டு முறை எரிவதால், எஞ்சினின் துடிப்பும் கிராஸின் உதறலும் அந்தக் கியரில் ஒரே எண்ணிக்கையில் வந்து நம்மை ஏமாற்றிவிடும். அதே வேகத்தை மூன்றாவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் ஓட்டிப் பாருங்கள். வண்டியின் வேகத்தோடு அதிர்வு ஒட்டிக்கொண்டிருந்தால் காரணம் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. எஞ்சின் சுற்றோடு அது இடம் மாறினால் கியர் பாக்ஸுக்கு முன்னால். வண்டி கிளம்பும்போது மட்டும், மணிக்கு 10 முதல் 30 கிலோமீட்டருக்குள் உதறினால், கிளட்சோடு சேர்த்து ஷாஃப்டின் கோணத்தையும் சென்டர் பேரிங்கின் ரப்பரையும் சந்தேகிக்க வேண்டும்.

கோணத்தை அளப்பதிலும் பலர் தவறுகிறார்கள். வண்டியை லிஃப்டில் சட்டத்தோடு தூக்கி, பின் அச்சு தொங்கும் நிலையில் எடுத்த அளவு பயன்படாது. சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். ஒரே துண்டாக உள்ள ஷாஃப்டில் இரு முனைக் கோணங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு பாகையைத் தாண்டக் கூடாது. கூடுதல் பாரத்துக்காகப் பின் அச்சின் மேல் வண்டியைத் தாங்கும் கமான் பட்டை சேர்த்த வண்டிகளில் இந்தச் சமநிலை கெட்டிருப்பது வழக்கம்.

கிராஸை வண்டியில் இருக்கும்படியே பிடித்து ஆட்டிப் பார்த்து நல்லது என்று விட்டுவிடக் கூடாது. கிராஸின் முனைகளை மூடும் கப்பின் விளிம்பில் செந்நிறத் தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது என்று பொருள். ஷாஃப்டின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு மெல்ல வளைத்துப் பாருங்கள். நடுவில் வந்ததும் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால், கப்புக்குள் உள்ள ஊசி உருளைகள் கிராஸின் தண்டில் தடம் பதித்துவிட்டன. புதிய கிராஸைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவது இதைவிடப் பெரிய கேடு. ஓர் ஊசி சாய்ந்து கப்பின் அடியில் விழுந்தாலும் கப் முழுமையாக இறங்காது, கப்பைப் பிடித்துவைக்கும் லாக்கும் அதன் பள்ளத்தில் சரியாக அமராது. மையம் மயிரிழை விலகிய அந்த ஷாஃப்ட் புதிய கிராஸோடேயே அதிரும்.

கழற்றும் முன் ஷாஃப்டிலும் அது பூட்டப்படும் ஃபிளாஞ்சிலும் ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய இடம் தரும் சறுக்கும் மூட்டிலும் சென்டர் பஞ்சால் புள்ளி வைக்காமல் விடுவதை என்னால் மன்னிக்கவே முடிவதில்லை. சறுக்கும் மூட்டு ஒரு பல் தள்ளி ஏறினால், கிராஸைப் பிடிக்கும் இரு முனை யோக்குகளும் ஒரே நேர்கோட்டில் நிற்காமல் ஒன்றின் உதறலை மற்றொன்று ஈடுகட்டாமல் போகும். அரை நிமிட வேலையைத் தவிர்த்ததற்கு வாரக்கணக்கில் விலை கொடுக்க நேரிடும்.

ஒருமுறை என்னிடம் வந்த ஜீப்புக்கு இரண்டு முறை வீல் பேலன்சிங் செய்திருந்தார்கள். 70ஐத் தாண்டியதும் வந்துகொண்டிருந்த ரீங்காரம் அப்படியே இருந்தது. டார்ச்சுடன் அடியில் படுத்து ஷாஃப்டைக் கையால் சுற்றியபோது, துருவும் சேறும் படிந்த குழாயில் தீப்பெட்டியின் பாதியளவு வெளிறிய ஒரு சதுரமும் அதன் விளிம்பில் இரண்டு வெல்டிங் பொட்டுகளும் தெரிந்தன. தொழிற்சாலையில் ஒட்டிய சமன் எடை கழன்று விழுந்த இடம் அது. காய்ந்த சேறும், துருத்தடுப்புப் பூச்சு ஷாஃப்டின் மேல் தெறித்து உறைந்ததும் இதே வேலையைச் செய்யும் என்பதால், குழாயை முதலில் துடைத்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை ஓட்டிச் சோதிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒரு பின்சக்கரம் தரையிலும் மற்றொன்று காற்றிலும் இருந்தால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது காற்றில் உள்ள சக்கரம் 120க்குரிய வேகத்தில் சுற்றும். அப்போது யாரும் வண்டிக்கு அடியில் இருக்கவே கூடாது.

பழுது நீக்கியபின் காலி வண்டியைத் தனியாக ஓட்டிப் பார்த்து ஒப்படைப்பதும் தவறுதான். எட்டுப் பேர் ஏறியபோது வந்த அதிர்வு என்றால், அதே அளவு பாரத்தோடு அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்ட வேண்டும். ஏனெனில் பாரம் ஏறியதும் கமான் அமுங்கி, அளந்து வைத்த கோணம் அங்கேயே மாறிவிடுகிறது.