கடல்தண்ணி சூடானா பாக்டீரியா கூட்டம் எப்படி மாறுது? ஆறு பாட்டில்ல பாத்துடலாம்

கடல் சூடானா பாக்டீரியா பெருகும்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எது பெருகுது எது அமுங்குதுன்னு கேட்டா பதில் வராது. காலேஜ்ல மைக்ரோபயாலஜி லேப் இருந்தா ஒரு வாரத்துல நீங்களே பாக்கலாம். வீட்டுல மட்டும் செய்யாதீங்க, காரணம் கடைசில.

தண்ணி நான் கோவளத்துல எடுப்பேன். அலை உடையற இடத்துல மொண்டா மணலும் கூடவே வரும், மணல்ல ஒட்டியிருக்கறது கணக்கையே கெடுத்துடும், அதனால போட்ல போற அண்ணன் யார்கிட்டயாவது கேனக் குடுத்து உள்ள தள்ளி மொண்டுட்டு வரச் சொல்லுங்க, அதே தண்ணில மூணு தடவ அலசிட்டு. சூடு எவ்வளவுன்னு கரையிலயே பாத்துக் குறிச்சிருங்க. மொத தடவ நான் மீன் வாங்கிட்டு வர்ற மாதிரி கேன ஐஸுக்குள்ள புதைச்சுக் கொண்டு வந்தேன், விப்ரியோ பிளேட்ல ஏழெட்டு காலனிதான் இருந்துச்சு! (விப்ரியோன்னா காலரா கிருமியும் சேர்ந்த ஒரு பாக்டீரியா வகை, பிளேட்னா அத வளக்கற அகர் தட்டு, காலனின்னா அதுல வளந்து தெரியற ஒவ்வொரு புள்ளி.) நேரா ஐஸ் பட்டா விப்ரியோ வதங்கிடும், நாள்கணக்கா குளிர்ல கிடந்தா சிலது உயிரோட இருந்தும் பிளேட்ல வளராது. நடுவுல துணி வச்சு லேசா குளிர்ச்சியா கொண்டு வந்தாலே போதும்.

இப்ப ஆறு பாட்டில், ரெண்டு டப். மூணு பாட்டில் கடல்ல இருந்த சூட்டுல, 28 டிகிரின்னு வைங்க, மத்த மூணு 32ல. ரெண்டு டப்லயும் மீன்தொட்டி ஹீட்டர் போடுங்க, 32க்கு ஒரே அடியா ஏத்தாம ஒரு நாள் எடுத்து மெதுவா ஏத்துங்க. தண்ணி சூடானா ஆக்சிஜனும் கொறையும்ங்கறதால ஆறு பாட்டிலுக்கும் ஒரே அளவு காத்து விடணும்.

0, 1, 3, 5ஆம் நாள் பிளேட் போடுங்க. ஆட்டோகிளேவ் பண்ணின (அழுத்த நீராவில கிருமி நீக்கின) கடல்தண்ணில டைல்யூட் பண்ணி 0.1 மில்லி, மொத்தக் கணக்குக்கு ஜோபெல் மெரைன் அகர் (கடல் பாக்டீரியா பொதுவா வளர்ற அகர்), விப்ரியோவுக்கு டிசிபிஎஸ் (விப்ரியோவுக்குன்னே உள்ள, சுக்ரோஸ் கலந்த அகர்). டிசிபிஎஸ்ஸ ஆட்டோகிளேவ்ல வைக்கக் கூடாது, கொதிக்க வச்சா போதும். முக்கியமா, எல்லா பிளேட்டையும் ஒரே சூட்டுல வளத்துங்க, 32 பாட்டில் பிளேட்ட 32லயே வச்சீங்கன்னா வித்தியாசம் பாட்டில்ல வந்ததா பிளேட்ல வந்ததான்னு கடவுளுக்குத்தான் தெரியும். 30லிருந்து 300 காலனிக்குள்ள இருக்கற பிளேட்ட மட்டும் எண்ணுங்க. நூத்துல ஒரு பங்கா டைல்யூட் பண்ணினதுல 84 காலனி வந்தா, மில்லிக்கு 84,000. டிசிபிஎஸ்ல மஞ்சள் காலனி சுக்ரோஸ் தின்னறது, பச்சை தின்னாதது. மஞ்சளப் பாத்ததும் காலரான்னு பதறாதீங்க, கடல்ல சாதாரணமா திரியற விப்ரியோ ஆல்ஜினோலிட்டிகஸும் மஞ்சள்தான்.

ஒண்ணு சொல்லணும், 1ஆம் நாள் ரெண்டு டப்லயும் கணக்கு எகிறும். அது சூட்டோட வேலை இல்ல, பாட்டிலோட வேலை. அடைச்ச கடல்தண்ணில பாக்டீரியா கண்ணாடிச் சுவர்ல ஒட்டிப் பெருகும்னு கடல் பாக்டீரியா ஆராய்ச்சியாளர் ஜோபெல் 1936லயே எழுதிட்டார். அதனால 0ஆம் நாளோட ஒப்பிடாம, அன்னன்னிக்கு 28ஐயும் 32ஐயும் பக்கத்துல வச்சுப் பாருங்க. பாக்க வேண்டியது மொத்தத்துல விப்ரியோ எத்தன பங்குங்கறது. ஐரோப்பாவோட வடகடல்ல நாப்பது வருஷத்துக்கு மேல எடுத்து ஃபார்மலின்ல போட்டு வச்சிருந்த மிதவுயிரி சாம்பிள்ல டிஎன்ஏ எடுத்துப் பாத்தவங்களும் இந்தப் பங்கத்தான் பாத்தாங்க, தண்ணி சூடாக சூடாக அது கூடியிருந்துச்சு.

பிளேட்ல வர்றது நூத்துல ஒண்ணுகூட தேறாது. கடல்ல ரொம்ப அதிகமா இருக்கற எஸ்ஏஆர்11ங்கற பாக்டீரியா வகை இந்த அகர்ல தலையே காட்டாது. காசு இருந்தா 5ஆம் நாள் தண்ணிய 0.22 மைக்ரான் ஃபில்டர்ல வடிச்சு, அந்த ஃபில்டர 16எஸ் சீக்வென்சிங்குக்கு (டிஎன்ஏ வச்சு எந்தெந்த பாக்டீரியான்னு பாக்கறது) அனுப்புங்க, முழு கூட்டமும் அப்பத்தான் தெரியும்.

வீட்டுல ஏன் வேணாம்னா, டிசிபிஎஸ்ல நீங்க வளக்கறதுல நோய் தர்றதும் இருக்கலாம். கையில காயம் இருந்தா அன்னிக்கு வேற யாரையாவது செய்யச் சொல்லுங்க, கிளவுஸ் கட்டாயம், எண்ணி முடிச்ச பிளேட்ட 121 டிகிரில ஆட்டோகிளேவ் பண்ணாம குப்பைல போடாதீங்க.