அலென்தேஜோவில் நல்ல சாப்பாடு கிடைக்கும் இடம்

போர்ச்சுகலின் திராட்சைத் தோட்டப் பகுதியான அலென்தேஜோவுக்குப் போனால், எவோரா நகரின் பெரிய சதுக்கத்திலேயே மதியச் சாப்பாட்டை முடித்துவிடாதீர்கள். இரண்டு தெரு உள்ளே நடந்து, 'பிராத்து டு தியா' என்று கையால் எழுதி ஒட்டிய சிறிய கடையைத் தேடுங்கள். அன்றைய சமையல் என்று பொருள். ஒரு மணி வாக்கில் உள்ளூர்க்காரர்கள் நிறைந்திருந்தால் தயங்காமல் உட்காரலாம்.

அங்கே கேட்க வேண்டியது அசோர்டா. பூண்டையும் கொத்தமல்லியையும் உப்போடு இடித்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, கொதிநீர் ஊற்றி, பழைய ரொட்டியைப் போட்டு, மேலே வெந்நீரில் உடைத்து வேகவைத்த முட்டையை வைப்பார்கள். கிண்ணம் மேசைக்கு வரும் முன்பே கொத்தமல்லி மணக்கும்! சைவர்கள் முட்டை வேண்டாம் என்று சொல்வதோடு, ஊற்றுவது வெறும் நீர்தானா என்றும் கேட்டுவிடுங்கள். மீன் வெந்த நீரை ஊற்றும் வழக்கமும் உண்டு.

உட்கார்ந்ததும் கேட்காமலே வரும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி இலவசமல்ல. தொடாமல் விட்டால் காசு வாங்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஒருவருக்கு 'மெயா டோஸ்', அதாவது அரை அளவே தாராளம். ஞாயிறு இரவிலும் திங்களன்றும் பல கடைகள் மூடியிருக்கும்.