டி-34 டாங்கியின் கோபுரத்துக்கு வார்ப்பு எஃகுச் சொரசொரப்பு வந்த கதை

நிஜத்தில் 35-ல் ஒரு பங்கான 1:35 அளவு டி-34 பிளாஸ்டிக் மாடலை ஒட்டி முடித்ததும் ஒரு விஷயம் உறுத்தியது. பீரங்கி பொருத்திய, சுழலும் மேல்பகுதியான கோபுரம் சோப்புக் கட்டி போல வழவழவென்று இருந்தது. நிஜ டி-34களில் பெரும்பாலானவற்றின் கோபுரம் அச்சில் வார்த்தது. மேற்பரப்பு கரடுமுரடாகத்தான் இருக்கும்.

முதலில் திரவப் பசையைத் தாராளமாகப் பூசிப் பழைய பல்துலக்கியால் குத்தினேன். பிளாஸ்டிக் அதிகமாக இளகி, ஓரத்தில் இருந்த கொக்கி ஒன்று கரைந்தே போனது. மனசு கேட்கவில்லை. ஒரு நாள் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்தேன். அப்புறம் மாடல் புட்டியை (இடுக்குகளை அடைக்கும் களிம்பு) தின்னரில் தயிர்ப் பதத்துக்குக் கரைத்து, சிறு சிறு இடமாகப் பிரித்துப் பூசி, முடி குட்டையான விறைப்பான தூரிகையை நேர்குத்தாக வைத்துத் தட்டினேன். காய்ந்ததும் லேசாகத் தேய்த்தால் போதும், கூர்முனைகள் மட்டும் மழுங்கும். உடல் தகடுகளைத் தொடவே கூடாது. அவை உருட்டிய எஃகு.

கைப்பிடிகளும் தடிமனாக இருந்தன. இந்த அளவில் 1 மி.மீ. என்றால் நிஜத்தில் 35 மி.மீ.! அவற்றைச் சீவிவிட்டு 0.4 மி.மீ. செம்புக் கம்பியை வளைத்துச் செருகினேன். கரைந்த கொக்கிக்கும் அதே கம்பிதான்.

பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்தபோது கோபுரத்தின் ஒவ்வொரு மேட்டிலும் வெளிச்சம் தங்கியது. வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.