நேராக ஓடுகிறான் என்பதால் முழங்கால் தேறிவிட்டது என்று எண்ணாதீர்கள்

கடந்த மாதம் ஒரு கபடிப் பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். முழங்கால் வீங்கி மூன்று வாரம் ஓய்வில் இருந்த ஒரு பையனை அங்கிருந்த இளம் பயிற்சியாளர் மைதானத்தைச் சுற்றி இரண்டு முறை ஓடவிட்டு, "வலிக்கிறதா?" என்று கேட்டு, "இல்லை சார்" என்று அவன் சொன்ன உடனேயே ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார். பயிற்சியாளரான புதிதில் நானும் இதையேதான் செய்தேன். உடலைச் சூடேற்றாமல் இறங்குவது, தேய்ந்த காலணியோடு ஆடுவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நேரான ஓட்டத்தையே தேர்வாகக் கொள்வது

எங்கள் அணியில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பாடிப் போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டான். ஒரு நாள் மாலை, எதிரணியின் பிடியைத் தவிர்க்க இடது காலை ஊன்றி வலப்பக்கம் சட்டென்று திரும்பியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனை யாரும் தொடவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாக மூலையில் நின்றவன் சொன்னான். இரவு எட்டு மணிக்கெல்லாம் அவனுடைய டிராக் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பு முறியவில்லை என்றதும் நிம்மதியடைந்தோம். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியுமே தவிர தசைநார் தெரியாது என்பதை அன்று நான் பொருட்படுத்தவில்லை.

மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. அவனை ஓடவிட்டேன், நன்றாகவே ஓடினான். மறுநாள் பயிற்சியில் முதல் முறை பாடிப் போய்த் திரும்பியபோதே முட்டி நழுவி விழுந்தான். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, ஏ.சி.எல். என்று சொல்லப்படும் முன்குறுக்குத் தசைநார் முழுவதும் அறுந்திருந்ததோடு, மூட்டு எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பும் உட்புறத்தில் கிழிந்திருந்தது. நம் ஊரில் இரண்டையும் 'ஜவ்வு' என்றே சொல்லிவிடுவதால், ஒன்று போனால் இன்னொன்றைக் காக்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் எழுவதில்லை. கிழிந்த மெனிஸ்கஸில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கல்லூரி இடமும் அந்த ஆண்டு கைநழுவியது.

முன்குறுக்குத் தசைநார் செய்யும் வேலை, தொடை எலும்பின் கீழ் முன்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் உட்புறமாகத் திருகிக்கொள்ளாமலும் பிடித்து நிறுத்துவது. நேராக ஓடும்போது தொடையின் பின்தசைகளும் மூட்டின் வடிவமும் ஓரளவு அந்த வேலையை ஈடுசெய்துவிடுவதால், தசைநார் அறுந்தவர்களும் சில வாரங்களில் நேராக ஓடிவிடுகிறார்கள். பாதம் தரையில் பதிந்திருக்க, அதன் மேல் உடல் திரும்பும் கணத்தில்தான் இல்லாத தசைநாரின் தேவை வெளிப்படுகிறது. அப்போது நழுவும் எலும்புகளுக்கிடையே நசுங்குவது மெனிஸ்கஸ்தான். ஆகவே நேரான ஓட்டம் கபடிக்காரனின் முழங்காலைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அதை நம்பி ஒரு பையனை மீண்டும் களத்தில் இறக்குவதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

அடிபட்டவனிடம் முதலில் கேட்க வேண்டியது, வீக்கம் எப்போது வந்தது என்பதே. சில மணி நேரத்துக்குள் முழங்கால் பெருத்துவிட்டால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி வீங்கும் முழங்கால்களில் பெரும்பாலும் முன்குறுக்குத் தசைநாரே அறுந்திருக்கும். முதல் நாள் வலியிலும் இறுக்கத்திலும் மருத்துவர் கையால் பார்க்கும் சோதனை தெளிவாக இராது என்பதால், வீக்கம் வடிந்தபின் கட்டாயம் இன்னொரு முறை காட்ட வேண்டும்.

வீங்கிய முட்டியை எண்ணெய் போட்டு நீவுவது

கூடாது.

முழங்காலை மட்டும் பார்ப்பது

முழங்கால் இடுப்புக்கும் கணுக்காலுக்கும் நடுவில் இருக்கும் மூட்டு. குதித்து இறங்கும்போது முட்டி உட்புறம் சாய்கிறதென்றால், பல நேரம் புட்டத்தின் பக்கத் தசை தொடையைப் பிடித்து நிறுத்தவில்லை என்று பொருள். "முட்டியை உள்ளே விடாதே" என்று ஓரத்தில் நின்று கத்துவதால் பயனில்லை. காயம் நிகழ்ந்த ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், பாதம் தரையைத் தொட்டு ஏறக்குறைய 40 மில்லி வினாடிக்குள் தசைநார் அறுந்துவிடுவதாகக் கணித்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்குள் எவராலும் யோசித்துக் காலைத் திருத்திக்கொள்ள முடியாது. சரியாக இறங்குவது முன்பே உடலில் படிந்திருக்க வேண்டும். ஒரு படிக்கட்டு உயரத்திலிருந்து இரண்டு காலாலும், பிறகு ஒற்றைக் காலாலும் குதிக்கச் சொல்லி, முன்பக்கமிருந்து கைபேசியில் படமெடுத்து அவர்களுக்கே காட்டுங்கள். முட்டி மடங்கியபடி, சத்தமில்லாமல், பாதத்தின் நேர்மேலாக இறங்க வேண்டும். விறைத்த காலோடு இறங்கினால், தொடையின் முன்தசை முன்கால் எலும்பை முன்னால் இழுத்துத் தசைநாரின் சுமையைக் கூட்டிவிடும்.

கால்பந்துக்காக ஃபிஃபா உருவாக்கிய '11+' பயிற்சி இதே வழியில் அமைந்தது. இருபது நிமிடம் பிடிக்கும் அதை வாரம் இருமுறையாவது செய்ய வேண்டும். நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள பெண்களிடம் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன.

குந்தும்போது முட்டி கால்விரலைத் தாண்டக்கூடாது என்று அடம்பிடிப்பது

பாரம் தூக்கிக் குந்துபவர்களின் முட்டி முன்னே போகாதபடி பலகை வைத்து மறித்துச் செய்த 2003ஆம் ஆண்டு ஆய்வில், முழங்காலின் திருப்பு விசை (மூட்டைச் சுழற்றும் விசை) ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இடுப்பினுடையதோ ஏறத்தாழப் பத்து மடங்கானது. அதாவது சுமை இடுப்புக்கு மாறியது. முட்டி கொஞ்சம் முன்னே போகட்டும். குதிகால் தரையை விட்டு எழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடையின் முன்தசையை மட்டும் வளர்ப்பது

முன்கால் எலும்பைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது பின்தசை. அதற்கும் அதே அளவு நேரம் கொடுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் மாதக் கணக்கை மட்டும் பார்ப்பது

அறுந்த தசைநாரைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பது மாதம் ஆகும்வரை களத்துக்குத் திரும்பாமல் இருப்பது அவசியம். அதற்குள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை 2016ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. ஆனால் மாதம் நிறைந்தால் மட்டும் போதாது. இப்போது நான் டேப் வைத்து அளக்கிறேன். ஒற்றைக் காலில் ஒரு தாவல், தொடர்ந்து மூன்று தாவல் என்று இரண்டு காலுக்கும் எடுத்து, அடிபட்ட கால் மற்றதில் 90 சதவீதத்தையாவது எட்டினால்தான் வெட்டித் திரும்பும் பயிற்சியைத் தொடங்குகிறேன். அதில் தேறியவனை மெதுவான பிடியில் ஆடவிட்டு, மறுநாள் காலை முட்டியில் வீக்கமில்லை என்று கைவைத்துப் பார்த்த பிறகே பாடிப் போக அனுமதிக்கிறேன்.